ஆர்எஃப்ஐடி டேக் சந்தை நிஜமாகவே வளர்கிறதா, அறிக்கைகளில் மட்டும்தானா?

கேட்டவர் இரண்டு சந்தை அறிக்கைகளைப் படித்திருக்கிறார். ஒன்றில் இருக்கும் தொகையில் பாதிகூட மற்றதில் இல்லை. ஆனால் இரண்டுமே வேகமான வளர்ச்சி என்கின்றன. எதை நம்புவது, இந்தத் துறை இனி எங்கே போகும் என்பது கேள்வி. ஆர்எஃப்ஐடி டேக் என்பது ரேடியோ அலையில் தன் அடையாள எண்ணைச் சொல்லும் சின்ன ஒட்டி; அதைப் படிக்கும் கருவி ரீடர். கிடங்குகளிலும் துணிக்கடைகளிலும் டேக் ஒட்டி, ரீடர் பொருத்தி, அது ஒழுங்காகப் படிக்கிறதா என்று பார்ப்பதுதான் பன்னிரண்டு வருடமாக என் வேலை. அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

வளர்கிறது. சந்தேகமே வேண்டாம். ஆனால் அதை டாலரில் அளந்தால் குழம்பிப்போவீர்கள். எத்தனை டேக் என்று எண்ணிப் பாருங்கள்.

டாலர் கணக்கு ஏன் ஒத்துப்போவதில்லை? ஒரு அறிக்கை வெறும் டேக்கை மட்டும் எண்ணும். இன்னொன்று ரீடர், மென்பொருள், பொருத்தும் கூலி எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும். அலுவலகக் கதவு அட்டை, பாஸ்போர்ட்டுக்குள் இருக்கும் சிப், பேட்டரி வைத்த பெரிய டேக், சட்டையில் தொங்கும் காகித டேக் இவை எல்லாமே ஆர்எஃப்ஐடிதான். எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று முதல் பக்கங்களில் ஒரு வரையறை இருக்கும். அதைப் படிக்காமல் தொகையை மட்டும் எடுத்துப் பேசினால் பயனில்லை.

எண்ணிக்கை அப்படி ஏமாற்றாது. பேட்டரி இல்லாத, யுஎச்எஃப் எனும் உயர் அதிர்வெண் ரேடியோ அலையில் இயங்கும் டேக்குகளுக்கான தொழில் கூட்டமைப்பு ரெயின் அலையன்ஸ். உலகம் முழுக்க எத்தனை டேக் சிப்கள் அனுப்பப்பட்டன என்று ஆண்டுதோறும் கணக்குச் சொல்கிறார்கள். 2023இல் 4,480 கோடி, 2024இல் 5,280 கோடி. ஒரே ஆண்டில் ஏறத்தாழ 18 சதவீத ஏற்றம். கூடவே டேக்கின் விலை வருடங்களாக இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால் எண்ணிக்கை ஏறும் வேகத்தில் பணம் ஏறாது. இது துறையின் பலவீனம் இல்லை. விலை இறங்கியதால்தான் இத்தனை கோடி டேக் விற்கிறது.

அப்படி என்ன இருக்கிறது அந்த டேக்கில்? புதுச் சட்டையின் விலை அட்டையைக் கொஞ்சம் கிழித்துப் பாருங்கள். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அலுமினியக் கோடுகள் வளைந்து வளைந்து போகும். அதுதான் ஆன்டெனா. நடுவில் ஒரு கரும்புள்ளி, அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதுதான் சிப். பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு, அதே அலையில் தன் எண்ணை ஏற்றித் திருப்பி அனுப்பும். ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான டேக்குகளைப் பல மீட்டர் தள்ளியிருந்தே படித்துவிடலாம். பார்கோடு மாதிரி ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் புதிது இல்லை. திருப்பி அனுப்பப்படும் அலையில் செய்தி அனுப்பலாம் என்று ஹாரி ஸ்டாக்மன் என்ற பொறியாளர் கட்டுரை எழுதியது 1948இல். 1999இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆட்டோ-ஐடி மையம் தொடங்கியபோது டேக் விலையை 5 சென்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 2003இல் அமெரிக்கச் சில்லறைக் கடை நிறுவனமான வால்மார்ட் தன் முதல் 100 சப்ளையர்களிடம், 2005 ஜனவரி முதல் பெட்டிகளிலும், பெட்டிகளை அடுக்கும் பலகைத் தட்டான பேலட்களிலும் டேக் வேண்டும் என்று சொன்னது. அன்றைக்கு வந்த அறிக்கைகள் எல்லாம் வானளாவ எழுதின. ஆனால் திட்டம் சில ஆண்டுகளில் ஓய்ந்துபோனது.

ஏன் ஓய்ந்தது என்பதை என் முதல் வருட வேலையிலேயே புரிந்துகொண்டேன். ஒரு கிடங்கின் வாசலில் ரீடர் பொருத்தி, ஷாம்பு பெட்டிகள் அடுக்கிய பேலட் ஒன்றை ஃபோர்க்லிஃப்டில் உள்ளே ஓட்டச் சொன்னோம். வெளிப்பக்கத்துப் பெட்டிகள் திரையில் வரிசையாக வந்தன. நடுவில் இருந்தவை வரவே இல்லை. ஷாம்பு என்றால் பெரும்பாலும் தண்ணீர்தானே, அலையைக் குடித்துவிடுகிறது. ஆன்டெனாவைத் திருப்பினோம், உயர்த்தினோம், பேலட்டை மெதுவாகச் சுற்றவிட்டோம். சாயங்காலம் வரை போராடியும் முழு எண்ணிக்கை கிடைக்கவில்லை. உலோகம் இன்னொரு தொல்லை. சாதாரண டேக்கை நேராகத் தகரத்தில் ஒட்டினால் ஊமையாகிவிடும்.

இயற்பியலைவிடப் பெரிய சிக்கல், காசு யார் கொடுப்பது என்பது. டேக்குக்குச் செலவு செய்பவர் சப்ளையர், பலன் கடைக்காரருக்கு. பலன் வராத இடத்தில் செலவு மட்டும் வந்தால், கட்டாயத்துக்காக ஒட்டி அனுப்புவார்களே தவிர, மனம் வைத்துச் செய்ய மாட்டார்கள்.

சரி, அப்புறம் எப்படி இத்தனை கோடி? துணிதான் காப்பாற்றியது. துணி அலையைத் தடுப்பதில்லை. ஒரே சட்டைக்கு ஆறு அளவு, எட்டு நிறம் என்று நாற்பத்தெட்டு வகை வந்துவிடும். கையால் எண்ணினால் எந்தக் கடையிலும் கணக்கு சரியாக வராது. அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழக ஆய்வகம் இதை வருடக்கணக்கில் அளந்திருக்கிறது. சுமார் 65 சதவீதமாக இருக்கும் ஸ்டாக் துல்லியம், டேக் வந்தபின் 95க்கு மேல் போகிறது. தையல் ஆலையிலேயே டேக் மாட்டிவிடுவதால் கூடுதல் வேலையும் இல்லை. ஐரோப்பாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 902 முதல் 928 என்று அலைவரிசை மாறினாலும், ஒரே டேக் இரண்டு இடத்திலும் வேலை செய்யும்.

ஒரு நாள் கடை மூடிய பிறகு, கணினி இருக்கிறது என்று சொன்ன ஒரு நீலச் சட்டையைத் தேடினோம். அலமாரியில் இல்லை. கையிலிருந்த ரீடரில் அந்த ஒரு எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு நடந்தேன். பீப்... பீப்... என்று மெதுவாக வந்த சத்தம், குழந்தைகள் பகுதிக்குப் போனதும் விரைந்தது. ஒரு மேல்கோட்டுக்குள், அதே ஹேங்கரில் மாட்டிக் கிடந்தது சட்டை. கூட வந்த கடைப் பெண் என் கையிலிருந்து ரீடரை வாங்கி, அடுத்த ஒரு மணி நேரம் காணாமல்போன வேறு சட்டைகளைத் தேடிக்கொண்டிருந்தார். இந்தத் தொழிலின் மீது எனக்குள்ள நம்பிக்கை அன்று வந்தது.

துணிகளுக்கு டேக் கட்டாயம் என்று மறுபடி கொண்டுவந்த வால்மார்ட், 2022இல் வீட்டுச் சாமான், விளையாட்டுச் சாமான் வரை அதை நீட்டியது. இந்த முறை நிலைத்தது. காரணம், டேக் பெட்டியில் இல்லை, ஒவ்வொரு பொருளிலும். விலையும் மொத்தமாக வாங்குவோருக்கு அந்தப் பழைய 5 சென்ட் இலக்கை ஒட்டி வந்துவிட்டது.

கவலைகளும் உண்டு. சிப் செய்வதில் இம்பிஞ், என்எக்ஸ்பி இரண்டும்தான் பெரிய கைகள். இருவருக்குமான காப்புரிமை வழக்கு 2024இல்தான் சமரசத்தில் முடிந்தது. 2021, 2022இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது எல்லோரும் பயந்து கூடுதலாக ஆர்டர் போட்டார்கள். 2023இல் அதே சரக்கு தேங்கி நின்றது. ஆகவே ஓர் ஆண்டு ஏற்றத்தை அப்படியே பத்து ஆண்டுக்கு நீட்டிக் கோடு போடும் அறிக்கைகளை நான் நம்புவதில்லை. ஐரோப்பாவின் டிஜிட்டல் பொருள் பாஸ்போர்ட் சட்டத்தைக் காட்டியும் பெரிய எண்கள் எழுதுகிறார்கள். பொருளோடு தகவல் வர வேண்டும் என்கிறது சட்டம். அது ஆர்எஃப்ஐடி டேக்காகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பல பொருள்களுக்கு க்யூஆர் கோடே போதும்.

விமானப் பைகளும் கூரியர் பார்சல்களும் ஏற்கெனவே தொடங்கிவிட்டன, அவை சீராக வளரும். சிப் நிறுவனமான குவால்காம் 2025இல் யுஎச்எஃப் ரீடரைத் தன் உள்ளேயே வைத்த செயலியை அறிவித்தது. தொழில்துறைக் கைச்சாதனங்களுக்கானது அது. ரீடர் தனிப் பெட்டியாக இல்லாமல் போனில் வந்துவிட்டால், சின்னக் கடைக்காரரும் எட்டிப் பிடிக்கலாம்.

ஆனால் நான் உற்றுப் பார்ப்பது உணவை. ரொட்டி, இறைச்சி, சமைத்த உணவு இவற்றின் தயாரிப்பு நாளும் காலாவதி நாளும் டேக் எண்ணோடு சேர்ந்தால், எது நாளைக்குக் கெடும் என்று அலமாரி முன் நின்றே தெரிந்துகொள்ளலாம். அமெரிக்காவில் க்ரோகர் எனும் மளிகைக் கடை நிறுவனம் 2024இல் பேக்கரிப் பொருள்களுக்கு இதை அறிவித்தது, 2025இல் வால்மார்ட் இறைச்சிக்கும். அன்று ஷாம்பு பேலட் முன் நின்ற எனக்கு, ஈர இறைச்சிப் பொட்டலத்தின் மேல் ஒட்டிய டேக் குளிர் அலமாரியில் பேசுகிறது என்றால் அது பெரிய விஷயம். துணியைவிடப் பல மடங்கு எண்ணிக்கை அங்கேதான் கிடக்கிறது. அடுத்த ஆண்டுக் கணக்கு வரும்போது நான் முதலில் தேடப்போவது, அதில் உணவின் பங்கு எவ்வளவு என்பதைத்தான்.