வலது ஓரமாகப் போகச் சொல்லலாமா?

ஐயா, வணக்கம்.

என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். அரசு கொடுத்த சைக்கிளில்தான் பள்ளிக்குப் போகிறான். ஆறு கிலோமீட்டரில் நாலு கிலோமீட்டர் மாநில நெடுஞ்சாலை. லாரி, பஸ், கரும்பு டிராக்டர் எல்லாம் ஓடுகிற ரோடு. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வீடு வர ஏழு மணி ஆகிவிடுகிறது. பின்னால் வருகிற வண்டி தெரியாது என்பதால், வலது ஓரமாக எதிர் வண்டியைப் பார்த்தபடியே வரச் சொல்லியிருக்கிறேன். ஊரிலும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தால் போதுமா? வேறு என்ன செய்ய வேண்டும்?

ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

வலது ஓரமாக வரச் சொல்வதை இன்றே நிறுத்திவிடுங்கள். அது நடந்து போகிறவர்களுக்கான முறை. லாரி 60 கிலோமீட்டர் வேகத்திலும் உங்கள் மகன் 15 கிலோமீட்டர் வேகத்திலும் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒரே திசையில் போனால் நூறு மீட்டர் இடைவெளி குறைய எட்டு வினாடி ஆகும். எதிரெதிரே வந்தால் ஐந்து வினாடிகூட இல்லை. நடப்பவர் ஒரு எட்டு வைத்து மண்ணில் இறங்கிவிடுவார், சைக்கிளில் இருப்பவரால் அது முடியாது. கிளைச் சாலையிலிருந்து இடப்பக்கம் திரும்பி ஏறும் பைக்காரரும் வலப்பக்கம் மட்டுமே பார்ப்பார். இடப்பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் வரும் என்று அவர் எதிர்பார்ப்பதே இல்லை. சரியான பக்கம் வரும் இன்னொரு சைக்கிள் எதிரே வந்தால், இரண்டில் ஒன்று ரோட்டுக்குள் ஏறித்தான் ஆக வேண்டும்.

இடப்பக்கம்தான் போக வேண்டும். ஆனால் தார் முடியும் விளிம்பில் அல்ல, அதிலிருந்து இரண்டு, இரண்டரை அடி உள்ளே. ‘ஓரமாப் போ’ என்று எல்லாப் பெரியவர்களும் சொல்லி அனுப்புகிறார்கள், நம் சாலைகளின் விளிம்பு எப்படி இருக்கிறது என்று குனிந்து பார்த்தவர்கள் குறைவு. தாருக்கு மேல் தார் போட்டுக்கொண்டே போகிறார்கள், பக்கத்து மண்ணை உயர்த்துவதில்லை. பல இடங்களில் தார் நாலு அங்குலம் தூக்கி நிற்கிறது. பின்னால் ஹாரன் கேட்டதும் பையன் ஒதுங்குகிறான், முன் சக்கரம் மண்ணில் இறங்குகிறது. உடனே சாய்வாக மேலே ஏற்றப் பார்க்கிறான். டயர் விளிம்பில் உரசிக்கொண்டே ஓடுமே தவிர ஏறாது. ஹேண்டில்பார் வலப்பக்கம் மடங்கவும் முடியாது. உடம்பின் பாரம் மட்டும் வலப்பக்கம் போய், வண்டி வருகிற பக்கமே விழுகிறான். சக்கரம் கீழே இறங்கிவிட்டால் மண்ணிலேயே நேராக ஓட்டி, பிரேக் பிடித்து நின்று, இறங்கி, பின்னால் பார்த்துவிட்டு சைக்கிளைத் தூக்கி மேலே வைக்க வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் வண்டி வராத இடத்தில் இதை அவனைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, இடப்பக்கம் திரும்பும் நீள வண்டி. முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் ஆறு மீட்டர் இருக்கிற பஸ், பத்து மீட்டர் ஆரத்தில் திரும்பினால் பின் சக்கரம் இரண்டு மீட்டர் உள்ளே வரும். முன்பக்கம் தாண்டிப் போனதும் இடம் இருக்கிறது என்று அங்கே நிற்கும் பையனை நோக்கித்தான் அது வருகிறது. டிரைவர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம், இடப்பக்கக் கதவுக்குக் கீழே நிற்கும் சைக்கிள் அவர் கண்ணில் படாது. முன்பு அந்தப் பக்கத்தைக் கிளீனர் பார்த்துக்கொள்வார். இப்போது கிளீனர் இல்லாமலே பல லாரிகள் ஓடுகின்றன. ஆகவே சந்திப்பிலோ வளைவிலோ லாரி, பஸ்ஸின் இடப்பக்கம் புகுந்து முன்னேறவே கூடாது. பின்னாலேயே நிற்கட்டும். டிரைவரின் கண்ணாடியில் அவர் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நாம் தெரியவில்லை. ஸ்டாப்பில் நிற்கும் பஸ்ஸையும் இடப்பக்கம் தாண்ட வேண்டாம், ஆள் இறங்குவார்கள். கடைத்தெருவில் நிற்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் விலகி ஓட்டட்டும். கதவைத் திறப்பவர்கள் பின்னால் பார்ப்பதில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது அந்த ஏழு மணிதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் டிரைவர் ஒன்றைக் கவனித்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை வினாடி என்றால், அதற்குள் வண்டி 25 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த ரோட்டில் நிற்க இன்னும் ஒரு 20 மீட்டர். லோடு லாரிக்கு இதைவிட அதிகம். எதிர் வண்டிக்காக டிம் போட்ட வெளிச்சத்தில் கருநீலப் பேண்ட் போட்ட பையன் அந்தத் தூரத்துக்குள்தான் தெரிவான். பேட்டரியில் எரியும் சிவப்புப் பின் விளக்கை சைக்கிள் கடையில் கேளுங்கள், நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஆட்டோமொபைல் கடையில் லாரிக்கு ஒட்டும் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் ஒரு மீட்டர் வாங்கி, பின் மட்கார்டிலும் கேரியரின் பின் முனையிலும் ஒட்டுங்கள். பெடலின் பின்பக்கம் மஞ்சள் ரிஃப்ளெக்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அது மேலும் கீழும் ஆடுவதை வைத்தே தூரத்தில் வருகிற டிரைவர் சைக்கிள் என்று கண்டுகொள்வார். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: கேரியரில் வைக்கும் புத்தகப்பை பின்னால் தொங்கி, விளக்கையும் ரிஃப்ளெக்டரையும் சேர்த்தே மறைத்துவிடும். பையின் மேலும் ஒரு துண்டு டேப் வேண்டும்.

கொடுக்கப்பட்ட சைக்கிளை அப்படியே ஓட்ட விடாமல் ஒருமுறை சைக்கிள் கடையில் முறுக்கி வாங்குங்கள். முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையே பிடித்து ஹேண்டில்பாரைத் திருகினால் திரும்பக் கூடாது. பிரேக் கட்டை ரிம்மில் படவேண்டும், டயரில் அல்ல. மழையில் இரும்பு ரிம் வழுக்கும், கட்டை முதலில் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாகப் பிடிக்கத் தொடங்க வேண்டும்.

ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள். கீழே விழுந்தால் தலையைக் காக்கும். லாரியின் சக்கரத்துக்கு அது ஈடாகாது.

அசம்பாவிதம் நடந்தால் 108. சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், தனியார் உட்பட, இலவசம். மோதிய வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்வது முக்கியம், அதன் காப்பீட்டில் இழப்பீடு கோர சைக்கிளில் போனவருக்கு உரிமை உண்டு. நிற்காமல் போய்விட்ட வண்டியானாலும் மரணத்துக்கு இரண்டு லட்சம், கொடுங்காயத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் என்று 2022 ஏப்ரலிலிருந்து சட்டத்தில் இருக்கிறது.

இவ்வளவையும் ஒரு பதினாறு வயதுப் பையன் நினைவில் வைத்து ஓட்ட வேண்டியிருப்பது நியாயமே இல்லை. விளிம்பை மண் போட்டுச் சமன் செய்வது நெடுஞ்சாலைத் துறையின் வேலை. நாலைந்து பெற்றோர் சேர்ந்து உதவிக் கோட்டப் பொறியாளருக்கு மனு எழுதுங்கள், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் ஒரு நகல் கொடுங்கள். ‘சாலை மோசம்’ என்று மட்டும் எழுதாமல் எந்தக் கிலோமீட்டர் கல்லிலிருந்து எதுவரை, எத்தனை அங்குலம் இறக்கம் என்று குறிப்பிடுங்கள். மகனுடைய அளவுகோலைத் தார் விளிம்பில் நிறுத்திப் படம் எடுத்து இணையுங்கள்.