கருவிழி கூம்பாக முன்தள்ளினால்: கேள்வி பதில்

சேலத்தில் கண்ணாடியும் கான்டாக்ட் லென்ஸும் பொருத்தும் ஆப்டோமெட்ரிஸ்ட் பதிலளிக்கிறார்.

இளம்பிள்ளை, ஒரு தாய்: மகனுக்கு 15 வயது. ஆறு மாதத்துக்கு ஒரு கண்ணாடி மாற்றுகிறோம். அப்படியும் கரும்பலகை எழுத்து இரட்டையாகத் தெரிகிறது என்கிறான். சதா கண்ணைக் கசக்குகிறான்.

அம்மா, இன்னொரு கண்ணாடி வாங்கும் முன் கருவிழி மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வயதில் சிலிண்டர் பவர், அதாவது கருவிழி வளைவின் கோணலை ஈடுகட்டும் பவர், ஏறிக்கொண்டே போனால் கெரட்டோகோனஸ் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கருவிழி என்பது கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான படலம் (கார்னியா). அதன் நடுப்பகுதி அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய கனம்தான். இந்நோயில் அது இன்னும் மெலிந்து, கூம்பாக முன்னே தள்ளுகிறது. வளைவை வரைபடமாகக் காட்டும் டோபோகிராபி எடுத்தால் தெரிந்துவிடும். வலி இல்லை, சில நிமிட வேலை.

கசக்கக் கசக்க நோய் ஏறும். பிள்ளையை அதட்டிப் பயனில்லை, அரிப்பு இருக்கும்வரை கை கண்ணுக்குத்தான் போகும். அலர்ஜிக்குச் சொட்டு மருந்து எழுதி வாங்குங்கள். நீங்களாக ஸ்டீராய்டு சொட்டு வாங்கி ஊற்றிவிடாதீர்கள்; கண்ணழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே கெடலாம்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறைத் தொழிலாளி, வயது 24: எனக்கு இந்நோய் இருப்பது உறுதியாகிவிட்டது. லாசிக் செய்துகொண்டால் கண்ணாடியே வேண்டாம் என்கிறார்கள்.

வேண்டவே வேண்டாம் தம்பி. லாசிக் கருவிழியைச் செதுக்கும் சிகிச்சை. ஏற்கெனவே மெலிந்ததை மேலும் மெலியவைத்தால் கூம்பு வேகமாக வளரும். பழைய டோபோகிராபியையும் புதியதையும் ஒப்பிடச் சொல்லுங்கள். நோய் முன்னேறுகிறது என்றால் கிராஸ்லிங்கிங் செய்ய வேண்டும். ரைபோபிளேவின், அதாவது வைட்டமின் பி2, சொட்டுகளாக விட்டு 365 நானோமீட்டர் புற ஊதாக் கதிரைக் காட்டுவார்கள். கருவிழியில் உள்ள கொலாஜன் என்னும் புரத இழைகளுக்கு இடையே புதிய பிணைப்புகள் உண்டாகிக் கருவிழி இறுகும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான முறை இது. கருவிழியின் மேல்தோலை நீக்கிய பின்னும் 400 மைக்ரான், அதாவது 0.4 மில்லிமீட்டர், கனம் மிஞ்ச வேண்டும் என்பது வழக்கமான விதி. தள்ளிப்போட்டால் அந்தக் கனமும் கரைந்துவிடும் என்பதுதான் என் கவலை. இழந்த பார்வையை இது மீட்காது; இருப்பதைக் காக்கும்.

ஏற்காடு, வாடகைக் கார் ஓட்டுநர்: எனக்கும் கெரட்டோகோனஸ்தான். இரவில் எதிரே வரும் விளக்கு வால்முளைத்துச் சிதறுகிறது. கண்ணாடி ஏன் போதவில்லை?

கருவிழியின் மேடுபள்ளத்தைக் கண்ணாடியால் ஈடுகட்ட முடியாது. ஆர்ஜிபி எனும் கெட்டி லென்ஸ் வைத்தால், அதற்கும் கருவிழிக்கும் நடுவே நிற்கும் கண்ணீர் பள்ளத்தை நிரப்பிவிடும். அது உறுத்தினால் வெள்ளைவிழியில் அமரும் ஸ்கிளீரல் லென்ஸ் உண்டு. பார்வை தெளியும்வரை அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் இரவு வண்டி ஓட்டாதீர்கள். பயணிகளின் உயிரும் உங்கள் கையில் இருக்கிறது.

வாழப்பாடி, ஒரு தந்தை: என் குழந்தைக்குக் கெரட்டோகுளோபஸ் என்றார்கள். இதுவும் அதே நோயா?

இல்லை ஐயா, இது மிக அரிது. நடுப்பகுதி மட்டுமல்ல, முழுக் கருவிழியும் மெலிந்து உருண்டை வடிவில் முன்தள்ளும். சிறு அடியிலேயே கிழியக்கூடும். பவர் தேவையோ இல்லையோ, விழித்திருக்கும் நேரமெல்லாம் எளிதில் உடையாத பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். வெள்ளைவிழி நீலம் பாய்ந்திருந்தாலோ மூட்டுகள் அளவுக்கு மீறி வளைந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். உடலுறுப்புகளைத் தாங்கிப் பிடிக்கும் இணைப்புத் திசுவில் நோயும் உடனிருக்கலாம். அத்தகைய நோய்களில் சில, பெற்றோர் இருவரிடமிருந்தும் வருபவை. சொந்தத்தில் திருமணம் செய்திருந்தால் அதை மறைக்காமல் கூறுங்கள், கூடப் பிறந்த பிள்ளைகளையும் பரிசோதிக்கக் கேளுங்கள்.