டிக்கெட்டில் அச்சான 57 சதவீதம்

கேள்வி: ஊருக்குப் போக எடுத்த நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டில், பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தை மட்டுமே ரயில்வே திரும்பப் பெறுவதாக அச்சிட்டிருந்தது. மீதியைக் கொடுப்பவர் யார்?
- வாசகர், தாராவி

பதில்: அரசுக் கருவூலத்திலிருந்து உங்கள் டிக்கெட்டுக்காக ஒரு தொகை ரயில்வேக்குப் போவதைப் போல அந்த வாசகம் எண்ண வைக்கிறது, நடப்பது வேறு. நிலக்கரி, இரும்புத் தாது, சிமென்ட் ஆகியவற்றை ஏற்றிச் செல்வதில் கிடைக்கும் உபரியைக் கொண்டே பயணிகள் சேவையின் நஷ்டம் ஈடுகட்டப்படுவதாக, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கைகள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. நிலக்கரிக்கு வாங்கும் கூடுதல் கட்டணம் கடைசியில் மின்கட்டணத்தில் வந்து சேர்வதால், ரயிலே ஏறாதவரும் உங்கள் பயணத்துக்குக் கொஞ்சம் கொடுக்கிறார். அந்த உபரியும் போதாத ஆண்டுகள் உண்டு. 2021-22இல் 100 ரூபாய் ஈட்ட ரயில்வே 107 ரூபாய்க்கு மேல் செலவிட்டது.

டிக்கெட்டில் 57 என்றிருந்தாலும், 100 ரூபாய் செலவாகும் பயணத்துக்கு 54 ரூபாயே வாங்குவதாகவும், ஆண்டு மானியம் 56,993 கோடி ரூபாய் என்றும் ரயில்வே அமைச்சர் 2024 டிசம்பரில் மக்களவையில் தெரிவித்தார். தொகை பெரிதுதான், ஆனால் 54 ரூபாய் என்பது எல்லா வகுப்புகளுக்குமான சராசரி. மூன்றடுக்கு ஏசி வகுப்பு பல ஆண்டுகளில் லாபம் காட்டியிருக்கிறது. தண்டவாளமும் சிக்னலும் நிலைய ஊழியர் சம்பளமும் பயணிகள் ரயிலுக்கும் சரக்கு ரயிலுக்கும் பொதுவானவை என்பதால், அந்தச் செலவை எந்த விகிதத்தில் பிரிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே நஷ்டம் கூடும், குறையும். ரயில்வே சீரமைப்பை ஆராய்ந்த விவேக் தேப்ராய் குழு 2015இல் கணக்கு முறையைச் சீர்திருத்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். சதவீதத்தை டிக்கெட்டில் அச்சிட்டவர்கள் அதைக் கண்டடைந்த வழியையும் எளிதாகப் படிக்கும்படி வெளியிடுவதே முறை.

கேள்வி: மும்பை லோக்கலும் நஷ்டத்தில் ஓடுகிறது என்கிறார்கள். நெரிசல் நேரத்தில் கால் வைக்க இடமில்லாத வண்டியில் நஷ்டம் எப்படி வரும்?
- வாசகி, செம்பூர்

பதில்: பாஸ்தான் முதல் காரணம். ஏறத்தாழ 15 ஒற்றைப் பயணங்களுக்கான கட்டணத்தில் மாதம் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். 2014 ஜூனில் இதை 30 பயணங்களின் கட்டணமாக உயர்த்தும் அறிவிப்பு வந்தபோது மும்பையில் எழுந்த எதிர்ப்பால், சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. 2025 ஜூலையில் நெடுந்தூரக் கட்டணம் கூடியபோதும் லோக்கலையும் பாஸையும் தொடவில்லை. இரண்டாவது காரணம், காலையில் ஒரு திசையில் பிதுங்கும் வண்டி மறுதிசையில் அந்த அளவுக்கு நிரம்பாமல் திரும்புவது. ஊழியருக்கும் மின்சாரத்துக்கும் இரண்டு திசையிலும் ஒரே செலவு.

இந்த மானியம் தவறென்று நான் கருதவில்லை. லோக்கல் நின்றால் நகரமே நிற்கும். அதைச் சரக்கு வருவாய்க்குள் புதைத்து வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007ஆம் ஆண்டு விதிப்படி, நஷ்டமானாலும் ஓட்டியாக வேண்டிய பொதுச் சேவைக்கான ஈட்டுத்தொகை ஒப்பந்தத்தின் அடிப்படையில் தரப்படுகிறது. அதிகாரிகள் ஆண்டுதோறும் அறிக்கையும் வெளியிட வேண்டும். இங்கே புதுத் திட்டங்களுக்காக ரயில்வே அமைச்சகமும் மகாராஷ்டிர அரசும் 51:49 பங்கில் ஒரு கழகத்தை நடத்துகின்றன. அன்றாட நஷ்டத்துக்கு அப்படிப்பட்ட பங்கீடு இல்லை.

நீங்கள் பயணம் செய்வது மத்திய ரயில்வேயின் ஹார்பர் பாதை என்பதால், புறநகர்ப் பிரிவின் வரவு, செலவு, பொதுச் செலவைப் பிரித்த அடிப்படை ஆகிய மூன்றையும் அதன் பொதுத் தகவல் அலுவலரிடம் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.