நாவல் எழுத வேலையை விட வேண்டுமா?

கேள்வி: அக்கா, பினாங்கு பாயான் லெப்பாஸில் சிப் தயாரிக்கும் ஆலையில் வேலை செய்கிறேன். 12 மணி நேர ஷிப்ட், ஒரு மாதம் பகல், ஒரு மாதம் இரவு. பாட்டி பால்வெட்டிய ரப்பர் தோட்டத்தை வைத்து ஒரு நாவல் தொடங்கினேன். நாலு அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் உட்கார்ந்தால் முடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. விடலாமா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம்மா, விடாதீர்கள். இங்கே தமிழ் நாவல் எழுதி வீட்டு வாடகை கட்ட முடியாது. பெரும்பாலும் எழுதியவரே கைக்காசைப் போட்டுச் சில நூறு பிரதி அச்சடித்து, வெளியீட்டு விழா வைத்து, தெரிந்தவர்களிடம் விற்கிற நிலைதான். நாளைக்கு அச்சுக்கூலி கொடுக்கப்போவதும் உங்கள் சம்பளம்தான். சேமிப்பைக் கரைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தால் மூன்றாவது மாதமே கதையைவிட பேங்க் கணக்குதான் மனதில் ஓடும். உங்கள் பினாங்கிலேயே ரெ. கார்த்திகேசு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டேதான் நாவல்கள் எழுதினார்.

நேரம் இல்லாததால் நின்றது என்று நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ ஷிப்ட் மாறுகிற வாரத்தில்தான் நின்றிருக்கும் என்று படுகிறது. அந்த வாரம் தூக்கம் கெடும், பசி கெடும், ஐந்தாறு நாள் கதைப்பக்கமே போயிருக்க மாட்டீர்கள். திரும்பி வந்து பார்த்தால் பாத்திரங்கள் எல்லாம் யாரோ அந்நியர் மாதிரி நிற்பார்கள். அதனால் அந்த வாரத்தில் புதிதாக ஒரு வரிகூட எழுத வேண்டாம். கடைசியாக எழுதிய இரண்டு பக்கத்தை வாசியுங்கள், ஒரு சொல்லைத் திருத்துங்கள், மூடிவையுங்கள். தொடர்பு விட்டுப்போகாமல் இருந்தால் போதும். காலை ஐந்து மணிக்கு எழுந்து எழுது என்று ஆளாளுக்குச் சொல்வார்கள், இரவு ஷிப்ட்காரருக்கு அது எப்படிப் பொருந்தும்? கடிகாரத்தைப் பார்க்காமல், வேலை முடிந்து வந்து குளித்த பிறகு, படுப்பதற்கு முன் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பகலோ இரவோ அது மாறாது. ஒரு நாளைக்கு 200 சொல், வாரத்துக்கு நாலு நாள் என்றாலும் 50 வாரத்தில் 40,000 சொல் சேரும். ஏறக்குறைய 180 பக்கம். முதல் நாவலுக்கு அது தாராளம்.

இன்னொன்று. சிப் செய்கிற தூசியில்லாத அறையான க்ளீன் ரூமுக்குள் போனும் சாதாரண நோட்டுப் புத்தகமும் கொண்டுபோக முடியாது, காகிதத் தூசி பட்டாலே சிப் கெட்டுவிடும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மனசுக்குத் தடை இல்லையே. உள்ளே போகும்போது ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போங்கள், பாட்டி அன்றைக்குக் கங்காணிக்கு என்ன பதில் சொன்னாள் என்கிற மாதிரி. பதில் வந்தால் அதை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருங்கள், ஓய்வு நேரத்தில் க்ளீன் ரூம் உடுப்பைக் கழற்றியதும் லாக்கரில் வைத்திருக்கும் நோட்டில் எழுதிவிடுங்கள். எழுதி நிறுத்தும்போது காட்சியை முடித்துவிட்டு எழுந்திருக்காதீர்கள். பாட்டி காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குக் கிளம்பி, தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலைத் தாண்டுகிறாளா, அங்கேயே நிறுத்துங்கள். அடுத்த நாள் எங்கே தொடங்குவது என்று முழிக்க வேண்டியிருக்காது.

உங்கள் வேலை உங்கள் நாவலுக்கு எதிரி இல்லை. குளிர்ச்சி இருக்கும்போதுதான் ரப்பர் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் பாட்டி விடிவதற்கு முன்பே மரத்தடிக்குப் போனாள். ஊரே தூங்குகிற நேரத்தில் கண் எரிய நின்று வேலை செய்கிற உடம்பு எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது காலில் ஏறியிருக்கிற அந்தக் கனத்தை அப்படியே ஐந்தாவது அத்தியாயத்தில் எழுதுங்கள். வீட்டில் சும்மா இருக்கிறவரால் அதை எழுத முடியாது.

கேள்வி: கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மதிய இடைவேளையில் ஆபீஸ் லேப்டாப்பில் நாவல் எழுதுகிறேன். பின்னால் நிறுவனம் உரிமை கேட்குமா?
- வாசகர், ரவாங்

பதில்: மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் பகுதியாக எழுதிக்கொடுத்ததுதான் பொதுவாக முதலாளியைச் சேரும். கணக்கு எழுதுகிறவரின் நாவல் அதில் வராது. இருந்தாலும் வேலை ஒப்பந்தத்தில் வேறு ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று ஒருமுறை வாசித்துவிடுங்கள். எனக்குப் பயம் அந்த லேப்டாப்பைப் பற்றித்தான். வேலை மாறுகிற அன்றைக்கே அதைத் திருப்பிக் கேட்பார்கள், உள்ளே இருக்கிற அத்தியாயமும் போய்விடும். இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ரவாங்கிலிருந்து கொமூட்டர் ரயிலில் வருகிறவர் என்றால் போனிலேயே எழுதலாமே. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்கிற தமிழ்த் தட்டச்சுச் செயலி இருக்கிறது, பழகிவிட்டால் விரல் வேகமாக ஓடும். இறங்குவதற்கு முன் எழுதியதை உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு அத்தியாயம் எழுதியிருக்கிறேன். புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எங்கே வாங்குவது?
- வாசகர், செந்தூல்

பதில்: ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய நூலகம்தான் கொடுக்கிறது. புத்தகம் அச்சானதும் 5 பிரதிகளை அங்கேயே ஒப்படைக்க வேண்டும், சட்டம் அப்படி. இதெல்லாம் கடைசியில் செய்கிற வேலை தம்பி, இப்போது மூன்றாவது அத்தியாயத்தை எழுதுங்கள்.