ட்ரயலுக்கு (லைசன்சுக்கான ஓட்டப் பரீட்சைக்கு) போகிறவர்கள் கேட்டவை

எழுத்துப் பரீட்சை சித்தி. அடுத்த கிழமையே ட்ரயலுக்குப் போகலாமா? (சாவகச்சேரி)
முடியாது. மூன்று மாதம் கழியவேண்டும். பயிலுனர் அனுமதிப்பத்திரம் ஒன்றரை வருடம் செல்லும், அந்தரப்படாமல் பழகுங்கள்.

ஓட்டோ கியர் காரில் ட்ரயல் செய்யலாமா? (நெல்லியடி)
செய்யலாம். லைசன்சும் ஓட்டோ கியருக்கு மட்டும்தான். பிறகு கையால் கியர் மாற்றும் அப்பாவின் பழைய வானைத் தொடக்கூடாது.

ட்ரயல் பற்றிய முழு விபரமும் அனுப்பவும். (ஊர் இல்லை)
காரா, மோட்டார் சைக்கிளா, முச்சக்கர வண்டியா என்றுகூட எழுதவில்லை. எதற்கென்று பதில் சொல்வது?

சிக்னல் போட்டுத்தான் திருப்பினேன். அப்படியும் பெயில். எக்ஸாமினருக்கு என்மேல் என்ன கோபமோ? (சுன்னாகம்)
தம்பி, கோபம் எனக்குத்தான். நாலு பக்கக் கடிதத்தில் ‘சிக்னல்’ ஏழெட்டு இடத்தில் வருகிறது. ‘கண்ணாடி’ ஓரிடத்திலும் இல்லை. ஒழுங்கைக்குள் இடப்பக்கம் திருப்பும்போது சிக்னலைத் தட்டிய கையோடு ஸ்டியரிங்கையும் வளைத்திருப்பீர்கள். சந்தையால் வரும் அம்மா ஒருவர், ஹாண்டிலில் பையும் கரியரில் கீரைக்கட்டுமாக, அந்தப் பக்கத்தால் சைக்கிளில் வந்துகொண்டிருப்பார். பிரேக் பிடிக்க அவருக்கு நேரம் வேண்டாமா? நடுக்கண்ணாடி, இடக்கண்ணாடி, சிக்னல், வேகக் குறைப்பு, இன்னொருதரம் இடப்பக்கம். அதற்குப் பிறகுதான் திருப்பவேண்டும். பக்கத்தில் இருப்பவர் உங்கள் கண் எங்கே போகிறது என்றும் பார்க்கிறார். சில லேர்னர்ஸ்களில் (வாகனம் பழக்கும் இடங்களில்) ‘தலையை ஆட்டிக் காட்டுங்கோ, காணும்’ என்று பழக்குகிறார்கள். என் மருமகளுக்கும் அதுதான் நடந்தது. தலை நன்றாக ஆடியது. பின்னால் வருகிற ஓட்டோ என்ன நிறம் என்று கேட்டேன். ஓட்டோ வருவதே தெரியவில்லை.

புறப்படும்போது எஞ்சின் நின்றால் பெயிலா? (கோப்பாய்)
ஒருதரம் நின்றதற்காகப் பொதுவாகப் பெயில் போடமாட்டார்கள். ஹாண்ட்பிரேக், நியூற்றல், ஸ்டார்ட், திரும்பவும் கண்ணாடி. பதறிப்போய்ப் பின்னால் பாராமல் பாய்ந்தால்தான் வினை.

எட்டுப் போடும்போது கால் ஊன்றிவிடுகிறேன். (மானிப்பாய்)
தங்கச்சி, நீங்கள் முன்சில்லைப் பார்க்கிறீர்கள். அடுத்த வளைவைப் பாருங்கள். முதல் கியர், அரைக் கிளச், பின்பிரேக்கில் மெல்லிய அழுத்தம். முன்பிரேக்கில் விரல் வேண்டாம். வளவுக்குள் பத்துப் பன்னிரண்டு அடி இடைவெளியில் இரண்டு வாளியை வைத்து ஒரு கிழமை சுற்றுங்கள். ஹெல்மெட் நாடாவையும் பூட்டிக்கொண்டுதான். ஸ்கூட்டி என்றால் எழுதியிருக்கலாமே, அதில் பிடிப்பதற்குக் கிளச்சே இல்லை.