கேள்வி பதில்: ஒல்லிப் புத்தகம்

கேள்வி: எழுத்தாளர், பதிப்பாளர், விமர்சகர் இவர்களை வைத்தே எழுதிய நாவல் ஒன்று சொல்லுங்கள், ஐயா. கடைசியில் கதாநாயகன் விருது வாங்கும் கதை வேண்டாம்.
– வாசகர், கிள்ளான்

பதில்: அப்படியென்றால் ஜார்ஜ் கிஸ்ஸிங்கின் 'நியூ கிரப் ஸ்ட்ரீட்'. 1891-ல் லண்டனில் வந்தது. ரியர்டன் நல்ல எழுத்தாளர். குடும்பச் செலவுக்காக நாவல் எழுத உட்கார்ந்து, இன்றைக்கு எத்தனை பக்கம் என்று எண்ணி எண்ணியே நொந்துபோகிறார். நண்பர் பிஃபென் ஒரு மளிகைக் கடைக்காரரைப் பற்றி நாவல் எழுதுகிறார்; குடியிருக்கும் வீடு தீப்பிடித்ததும் கையெழுத்துப் பிரதியை எடுக்க உள்ளே ஓடுகிறார். எழுத்தைச் சரக்காகப் பார்க்கும் மில்வெய்ன்தான் பிழைத்துக்கொள்கிறார். போதாக்குறைக்கு, ரியர்டன் செத்தபின் அவர் மனைவியையும் கட்டிக்கொள்கிறார்!

ரியர்டன் பக்கம் எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து நாவல் மூன்று தொகுதி, விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். சாதாரண ஆள் வாங்க முடியாது. சந்தா வாங்கி இரவல் கொடுக்கும் தனியார் நூலகங்கள்தான் வாங்கின. மூன்று தொகுதி என்றால் ஒரே நாவலை ஒரே நேரத்தில் மூன்று பேருக்குக் கொடுக்கலாமே. கையில் ஒன்றரைத் தொகுதிக்குத்தான் கதை இருக்கிறது என்றால்? உரையாடலை இழுக்க வேண்டியதுதான். கிஸ்ஸிங்கும் இந்த நாவலை மூன்று தொகுதியாகத்தான் கொண்டுவந்தார். 150 பவுண்டுக்கு உரிமையையே விற்றுவிட்டார். 1894-ல் அந்த நூலகங்களே இது கட்டுப்படியாகாது என்று பின்வாங்க, மூன்று தொகுதி நாவல் ஓய்ந்துபோனது.

கேள்வி: என் சிறுகதைகள் எல்லாம் சேர்ந்து 80 பக்கம்தான் வருகின்றன. இன்னும் நாலைந்து கதை சேர்க்கச் சொல்கிறார் அச்சகத்துக்காரர். சேர்க்கட்டுமா?
– வாசகி, செந்தூல்

பதில்: வேண்டாம் அம்மா. நான் சேர்த்தேன். என்னிடம் உருப்படியாக எட்டுக் கதைகள் இருந்தன. "வெளியீட்டு விழாவில் உறையில் ஐம்பது வெள்ளி வைக்கிறவர் கைக்குக் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டாமா சார்?" என்றார் என் அச்சகத்துக்காரர். சரி என்று பழைய ஞாயிறு மலர்களைக் கிளறி மூன்று கதைகளை எடுத்துச் சேர்த்தேன். அப்புறம் ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, என்னுரை என்று 14 பக்கம். விழாவில் முதல் பிரதியை வாங்கியவர் மேடையிலேயே பிரித்து, தன் படம் வந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடினார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அந்தப் பக்கத்தை அவருக்காகத்தானே அச்சடித்தோம்? ஆனால் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் என்னைப் பார்த்த ஒரு வாசகர், சேர்த்த மூன்றில் ஒன்றைச் சொல்லி, "அதை நீங்களா சார் எழுதினீங்க?" என்று கேட்டார். கையில் இருந்த தே தாரேக் தேநீர் அதற்குப் பிறகு இறங்கவில்லை.

80 பக்கமே போடுங்கள். புத்தகத்தின் முதுகில் தலைப்பு போட இடம் பற்றாது என்பார்கள். தாளைக் கொஞ்சம் தடிமனாகப் போடச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஒரு காசும் இல்லை. கோலாலம்பூர் தேசிய நூலகத்தில் விண்ணப்பித்தால் இலவசமாகத் தருகிறார்கள். அச்சானதும் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்கு 5 பிரதி கொடுக்க வேண்டும். அந்த ஐந்தை முதல் பெட்டியைப் பிரிக்கும்போதே எடுத்து வையுங்கள். விழா முடிந்தபின் தேடினால், மாமன் மச்சான் வீட்டில்தான் இருக்கும்.