அறையில் எதுவும் மாறவில்லை, மீட்டர் மட்டும் குறைவாகக் காட்டுவது ஏன்?

கேள்வி: கையடக்கக் காற்றுத் தர மீட்டர் ஒன்றைப் படுக்கையறையிலேயே வைத்திருக்கிறேன். வாங்கிய புதிதில் இரவில் கார்பன் டை ஆக்சைடு 1,300 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு) காட்டியது. இப்போது 900ஐத் தாண்டுவதே இல்லை. கதவு, ஜன்னல், படுப்பவர்கள் எல்லாம் அப்படியேதான். பேட்டரியும் சீக்கிரம் தீர்கிறது. சமைத்தால் அலாரம் அலறுகிறது. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

பதில்: 900ஐ நம்பாதீர்கள். பெரும்பாலும் இது 'ஆட்டோ கேலிபரேஷன்', அதாவது மீட்டர் தன் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி, செய்யும் வேலை. வாரத்துக்கு ஒருமுறையாவது வெளிக்காற்றைப் பார்த்திருப்போம் என்று நினைத்துக்கொண்டு, அந்த வாரத்தின் மிகக் குறைந்த அளவை 400 என்று மீட்டர் எடுத்துக்கொள்ளும். அறையை விட்டு வெளியே வராத மீட்டருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. உங்கள் அறை 800க்குக் கீழே இறங்கவே இல்லை என்றால், அந்த 800தான் அதற்கு 400. அதன்பின் எல்லா அளவிலும் 400 குறையும். 1,300 என்பது 900 ஆகிவிடும்.

சோதிப்பது எளிது. மீட்டரை வெட்டவெளிக்குக் கொண்டுபோங்கள். இன்று வெளிக்காற்றிலேயே 420க்கு மேல் இருக்கிறது. அதைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டினால் சந்தேகம் தீர்ந்தது. சில மாடல்கள் 400க்குக் கீழே காட்டாமல் அங்கேயே நின்றுவிடும். அதுவும் அதே அறிகுறிதான்.

ஆட்டோவை அணைத்துவிட்டு, வெளியிலேயே கையால் கேலிபரேட் செய்யுங்கள். வெயில் நேராகப் படாத, வண்டிப் புகை வராத இடத்தில் வைத்து 20 நிமிடம் விடுங்கள். எண் ஆடாமல் நின்ற பிறகு பட்டனை அழுத்திவிட்டு, உடனே விலகிவிடுங்கள். நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 40,000 பிபிஎம் இருக்கிறது. முகத்தருகே பிடித்துக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தால், அந்த மூச்சே புதிய அடிப்படை ஆகிவிடும். வாரம் ஒருமுறை மீட்டரை வெளியே வைக்கும் பழக்கம் உண்டென்றால் ஆட்டோவை அணைக்கவே வேண்டாம். மலைப்பகுதியில் இருப்பவர்கள் உயரத்தையும் பதிவு செய்ய வேண்டும். 1,000 மீட்டர் உயரத்தில் அதைச் செய்யாவிட்டால் அளவு சுமார் 10 சதவீதம் குறைவாகத் தெரியும்.

பேட்டரியைத் தின்பது பெரும்பாலும் தூசி சென்சாரின் விசிறியும் லேசரும்தான். அளக்கும் இடைவெளியை 10 நிமிடமாக்குங்கள். ஓர் அறையின் காற்று நொடிக்கு நொடி மாறுவதில்லை. சமையல், பெருக்குதல் போன்ற நேரத்தில் மட்டும் 1 நிமிடம் போதும்.

அலாரத்துக்கு வருவோம். பிஎம் 2.5 என்னும் மிக நுண்ணிய தூசிக்கு உலக சுகாதார அமைப்பு 2021இல் சொன்ன, ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராம் என்பது 24 மணி நேரச் சராசரி. அந்த எண்ணில் அலாரம் வைத்தால் தாளிக்கும்போதெல்லாம் கத்தத்தான் செய்யும். சராசரியைப் பார்த்து ஒலிக்கும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் வரம்பை 50க்கு உயர்த்துங்கள். அதற்காக அடுக்களைப் புகையை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை, விசிறியைப் போடுங்கள். கார்பன் டை ஆக்சைடுக்கு 1,000 வைக்கலாம்.

திரையில் ஏக்யூஐ எனப்படும் காற்றுத் தரக் குறியீடு தெரிந்தால், அதை மைக்ரோகிராமுக்கு மாற்றிவிடுங்கள் என்பேன். பிஎம் 2.5 அளவு 40 இருந்தால் இந்தியக் குறியீட்டில் 'திருப்திகரம்'. அமெரிக்கக் குறியீட்டில் நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் ஆகாத காற்று. உங்கள் மீட்டர் எந்த நாட்டுக் குறியீட்டைக் காட்டுகிறது என்பது செட்டிங்கில் ஒரு மூலையில்தான் எழுதியிருக்கும்.